மீள்தொடக்கங்களும் மதிப்புரையாளரும்: வீடியோ விளையாட்டு வரலாற்றில் ஒரு பிணக்கு

நூல், நாடகம், திரைப்படம் ஆகிய கலைகளில் ஒரு படைப்பின் பெயர் மக்களிடையே வேரூன்றியதும், அப்பெயர் யாருக்குரியது என்ற பிணக்கும் கூடவே தோன்றிவிடுகின்றது. சட்டம் இதற்கு அளிக்கும் விடை எளிதானது. பதிப்புரிமையையும் வணிகப் பெயரையும் உடைமையாகக் கொண்டவரே உரிமையாளர். ஆயின் அப்பெயரை ஆண்டுக்கணக்காகப் போற்றி வந்த சுவைஞர் கூட்டம் இவ்விடையை முழுமனதோடு ஏற்றுக்கொண்டதில்லை. வீடியோ விளையாட்டு என்னும் இளைய கலையில் இப்பிணக்கு ஏனைய கலைகளிலும் கூடிய வெம்மையுடன் வெளிப்பட்டமைக்குத் தனிக் காரணமொன்று உண்டு. திரைப்படத்தைக் காண்பவர் இருந்து காண்கின்றார். விளையாட்டிலோ அவருடைய கைகளே படைப்பை நடத்திச் செல்கின்றன. பழைய திரைப்படமொன்றைப் புதிதாக எடுக்குமிடத்து, பழையதை நேசித்தவர் தாம் கற்ற எதனையும் இழப்பதில்லை. விளையாட்டொன்றின் விதிகள் மாற்றப்படுமிடத்து, பத்தாண்டுகளாக விரல்களிற் படிந்த திறன் ஒரே நாளிற் பயனற்றதாகிவிடுகின்றது. இரசிகரின் சினத்தை வெறும் பழைமைப்பற்று என்று கூறி ஒதுக்குவோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளத் தவறுகின்றனர்.

கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குதலைக் குறிக்கும் 'ரீபூட்' என்னும் சொல்லே இத்தகைய முயற்சிகளுக்குப் பெயராயிற்று. மீள்தொடக்கம் எனத் தமிழில் இதனைக் கூறலாம். இது தொடர்ச்சியன்று, முன்னைய கதையைக் கைவிட்டு, பெயரையும் சில பாத்திரங்களையும் மாத்திரம் வைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்குவது. பழைய ஆட்டத்தைப் புதிய பொறிக்கேற்பத் துலக்கி வெளியிடுதலும் இதுவன்று. பெயர் பழையது, பொருள் புதியது என்பதே இதன் இலக்கணம். பெயரை நம்பி வாங்குவோர் பொருள் யாதென்பதை வாங்கிய பின்னரே அறிவர். ஆகவேதான் வாங்குமுன் சோதித்துக் கூறும் மதிப்புரையாளரின் பணி இங்கு இன்றியமையாததாகின்றது. இரசிகர் பிணக்கும் மதிப்புரையாளர் மீதான நம்பிக்கையும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தமை இவ்வாறேயாகும்.

மதிப்புரையின் வரலாறு ஏறத்தாழ விளையாட்டின் வரலாற்றளவு பழைமையானது. ஐக்கிய அமெரிக்காவில் 1981 இல் 'இலெக்ற்றோனிக் கேம்ஸ்' என்னும் சஞ்சிகை தோன்றிற்று. இங்கிலாந்தின் லட்லோ என்னும் சிற்றூரிலிருந்து 1984 இல் வெளிவரத் தொடங்கிய 'கிறாஷ்' சஞ்சிகை, அவ்வூர்ப் பாடசாலை மாணவரையே மதிப்புரையாளராகக் கொண்டமை சுவையான செய்தியாகும். விளையாடுவோரும் மதிப்பிடுவோரும் ஒரே வயதினராக, ஒரே வகுப்பறையினராக இருந்த அக்காலத்தில் இருசாராருக்குமிடையே இடைவெளியென ஒன்று இருக்கவில்லை. யப்பானில் 1986 இல் தொடங்கிய 'பமிற்சு' வேறொரு முறையைக் கையாண்டது. நால்வர் தனித்தனியே பத்துக்குப் புள்ளியிடுவர், கூட்டுத்தொகை நாற்பது. முழுப் புள்ளியாகிய நாற்பதை 1998 வரை எந்த விளையாட்டும் பெறவில்லை என்பது அம்முறையின் கண்டிப்புக்குச் சான்றாகக் கூறப்படுவதுண்டு. இவற்றுக்கு நேர்மாறாக, 1988 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த 'நின்டெண்டோ பவர்' சஞ்சிகையை விளையாட்டுகளை விற்ற நின்டெண்டோ நிறுவனமே வெளியிட்டது. விற்பவரே மதிப்பிடுபவராகவும் நின்ற நிலை அது. எனினும் அதனை வாசித்த சிறுவர்கள் அதன் இயல்பை அறிந்தே வாசித்தனர் எனலாம். மறைக்கப்படாத சார்பு அத்துணைத் தீங்கு செய்வதில்லை.

சஞ்சிகைகளின் இடத்தை இணையம் கைப்பற்றிய காலத்தில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. வாசகர் கொடுத்த விலையால் வாழ்ந்த மதிப்புரை, விளம்பரத்தால் வாழ்வதாயிற்று. அவ்விளம்பரங்களை அளித்தவருள் பெரும்பாலோர் மதிப்பிடப்படும் விளையாட்டுகளின் வெளியீட்டாளரே. இரண்டாவது, 2001 இல் தோன்றிய மெற்றாகிறிற்றிக் என்னும் தளம் பல்வேறு மதிப்புரைகளின் புள்ளிகளைத் திரட்டி நூற்றுக்கு ஒரே எண்ணாகச் சுருக்கித் தந்தது. ஒருவர் ஏன் விரும்பினார், மற்றவர் ஏன் வெறுத்தார் என்பவை மறைந்து, எஞ்சியது எண் ஒன்றே. அவ்வெண் வாசகருக்கு வழிகாட்டியதோடு நில்லாது, தயாரிப்பாளரின் ஊதியத்தையும் நிர்ணயிக்கத் தலைப்பட்டது. 'போலவுட்: நியூ வேகஸ்' (2010) என்னும் விளையாட்டை ஆக்கிய ஒப்சிடியன் நிறுவனத்துக்கு, மெற்றாகிறிற்றிக் புள்ளி 85 ஐ எட்டினால் மாத்திரமே மேலதிகக் கொடுப்பனவு கிடைக்கும் என்பது உடன்பாடு. கிடைத்த புள்ளி 84. அதன் மூத்த எழுத்தாளருள் ஒருவர் 2012 இல் இதனை வெளியிட்டபோது, ஒரு புள்ளியின் விலை யாதென்பதைப் பலரும் முதன்முறையாக உணர்ந்தனர்.

நம்பிக்கையிற் பெரும் விரிசலை ஏற்படுத்திய நிகழ்ச்சி 2007 நவம்பரில் நடைபெற்றது. கேம்ஸ்பொட் தளத்தின் ஆசிரியருள் ஒருவரான ஜெவ் கேர்ஸ்ற்மன், 'கேன் அன்ட் லிஞ்ச்' என்னும் விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு புள்ளிகள் வழங்கினார். அவ்வேளையில் அத்தளத்தின் முகப்பு முழுவதையும் அதே விளையாட்டின் விளம்பரம் நிறைத்திருந்தது. சில நாட்களில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். காரணம் எதுவும் வெளியிடப்படவில்லை. தொடர்ந்து வந்த மாதங்களில் அவருடைய சகாக்கள் பலரும் விலகினர். இரு தரப்பினரும் வாய்திறக்க இயலாதவாறு சட்டப் பிணைப்பு இருந்தமையால் ஊகமே நான்காண்டுகளுக்கு மேலாக வரலாறாக நிலவிற்று. 2012 மார்ச்சில், அவர் தொடங்கிய புதிய தளம் கேம்ஸ்பொட்டின் உரிமையாளராலேயே வாங்கப்பட்ட போது அப்பிணைப்பு அகன்றது. விளம்பரத்தை மீளப்பெறுவதாக வெளியீட்டாளரிடமிருந்து வந்த நெருக்குதலை அனுபவமற்ற நிர்வாகத்தினரால் தாங்க முடியாமற் போனமையே காரணமென அவர் விளக்கினார். ஊகித்தவர்கள் கூறியது பெரும்பாலும் சரியாயிருந்தது. அதன் பின்னர் ஊகங்கள் யாவும் சரியெனக் கொள்ளும் மனநிலை இரசிகரிடையே வலுப்பெற்றதில் வியப்பில்லை.

அதே 2012 இன் ஒக்டோபரில் மற்றொரு சம்பவம். இலண்டனில் நடைபெற்ற விளையாட்டு ஊடக விருது விழாவொன்றில், 'ரூம் றைடர்' என்னும் வரவிருந்த மீள்தொடக்கத்தின் பெயரைத் தத்தம் சமூக வலைக் குறிப்புகளில் இடும் பத்திரிகையாளருக்குப் பொறியொன்றைப் பரிசாகப் பெறும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. இதனைக் கண்டித்து யூரோகேமர் தளத்தில் ஒருவர் பத்தி எழுதினார். சட்ட நடவடிக்கை பற்றிய அச்சத்தால் அப்பத்தியின் சில வரிகள் நீக்கப்பட்டன. எழுதியவர் அத்தளத்திலிருந்து விலகினார். பரிசு அற்பமானதே. ஆயின் ஒரு துறையின் நாணயம் பெரிய இலஞ்சங்களால் மாத்திரம் குலைவதில்லை. எவரும் இலஞ்சமெனக் கருதாத சிறு நட்புகளாலும் குலைகின்றது. குற்றத்தைச் சுட்டியவரே வெளியேற நேர்ந்தமைதான் வாசகர் மனத்திற் பதிந்தது.

இச்சூழலிலேதான் 2013 ஜனவரியில் 'டிஎம்சி: டெவில் மே கிறை' வெளிவந்தது. இதன் முன்வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

யப்பானின் கப்கொம் நிறுவனம் 'றெசிடென்ற் ஈவில்' என்னும் தொடரின் நான்காம் பாகமாகத் தொடங்கிய முயற்சியொன்று, அத்தொடரின் போக்கிலிருந்து வெகுதூரம் விலகியமையால் தனி விளையாட்டாக்கப்பட்டு, 2001 இல் 'டெவில் மே கிறை' எனும் பெயரில் வெளியாயிற்று. இயக்கியவர் ஹிடெக்கி கமியா. வெண்முடியும் செந்நிற நீளங்கியும் கொண்ட தாந்தே என்னும் அசுரவேட்டையாளனே நாயகன். இத்தாலிய மகாகவியின் பெயரை நாயகனுக்கும், அக்கவிக்கு நரகிற் வழிகாட்டிய உரோமப் புலவனின் பெயரை அவன் சகோதரனுக்கும் சூட்டிய துணிவைத் தவிர இலக்கியத் தொடர்பு அதிகமில்லை. பகைவரை வெல்வது அதில் நோக்கமன்று. எவ்வளவு அழகாக, எத்துணை விதவிதமான அடிகளால் வெல்கின்றோம் என்பதே நோக்கம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே ஆட்டக்காரரின் நடையழகுக்குத் தரமிடப்பட்டது. இரண்டாம் பாகம் (2003) தோல்வியெனவே கருதப்பட்டது. அதனை இடையிற் பொறுப்பேற்ற ஹிடெயாக்கி இற்சுனோ, மூன்றாம் பாகத்தை (2005) முழுவதும் தாமே இயக்கிப் பழியைத் துடைத்தார். நான்காம் பாகம் (2008) 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது.

ஆகவே தொடர் நலிந்திருந்தமையால் மீள்தொடக்கம் தேவைப்பட்டதெனக் கூறமுடியாது. கப்கொம் அக்காலத்தில் மேலைச் சந்தையைப் பெரிதும் நாடியிருந்தது. தன் பழைய பெயர்களை மேலைநாட்டு ஆக்கக்கூடங்களிடம் ஒப்படைத்துப் பார்ப்பது அதன் கொள்கையாயிருந்தது. 'பயோனிக் கொமாண்டோ' சுவீடனிலும், 'டெட் றைசிங்'கின் இரண்டாம் பாகம் கனடாவிலும் ஆக்கப்பட்டன. 'டெவில் மே கிறை' இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜிலிருந்த நிஞ்சா தியறி என்னும் கூடத்திடம் சென்றது. காட்சியழகுக்கும் நடிப்புக்கும் பெயர்பெற்ற கூடம் அது. நுணுக்கமான சண்டை விதிகளுக்கு அத்துணைப் பெயர் பெற்றதன்று. இற்சுனோ மேற்பார்வையாளராக நின்றார்.

2010 செப்டெம்பரில் டோக்கியோ விளையாட்டுக் கண்காட்சியில் முன்னோட்டப் படம் காட்டப்பட்டது. அதில் தோன்றிய தாந்தே கருமுடி கத்தரித்த, மெலிந்த, புகைபிடிக்கும் இளைஞன். அன்றிலிருந்து இரண்டாண்டுகளுக்கு மேலாக இரசிகரின் எதிர்ப்பு ஓயவில்லை. அவ்வெதிர்ப்பிற் பெரும்பகுதி முடியின் நிறத்தைப் பற்றியதாகவே இருந்தமை உண்மையே. ஆக்கியோர் மீது தனிப்பட்ட வசைகள் பொழியப்பட்டன. வெளிவந்த விளையாட்டைக் கடைகளிலிருந்து அகற்றுமாறு வெள்ளை மாளிகையின் மனுத்தளத்திலே மனுவொன்றுகூட இடப்பட்டது. உலக அரசியலின் சுமைகளுக்கிடையே இதுவும் ஒன்றாக அங்கு கிடந்தது. ஆக்கக்கூடத்தாரும் பொறுமை காத்தாரல்லர். விளையாட்டின் தொடக்கத்தில் வெண்ணிறப் பொய்முடியொன்று தாந்தேயின் தலையில் வந்து விழ, அவன் கண்ணாடியிற் பார்த்து, இது ஒருகாலும் நடவாதென்னும் பொருள்படப் பேசி அதனை எறிந்துவிடும் காட்சி அமைக்கப்பட்டது. நகைச்சுவைதான், ஆயின் விலைகொடுத்து வாங்கியவரையே நோக்கிய நகை. கதை முடிவிலோ அவனுடைய முடி வெண்ணிறமாகவே மாறிவிடுகின்றது.

வெளிவந்ததும் மதிப்புரையாளர் பெரிதும் பாராட்டினர். மெற்றாகிறிற்றிக் சராசரி எண்பதுகளின் நடுப்பகுதியில் நின்றது. உயிர்பெற்று நெளிந்து வழிமறிக்கும் நகரம், வண்ணங்கள், கதை நடத்தும் முறை ஆகியன போற்றப்பட்டன. அதே தளத்தில் இரசிகர் இட்ட புள்ளிகளோ அதிலிருந்து வெகுவாகத் தாழ்ந்திருந்தன. இரு எண்களும் அருகருகே நின்றமையால், மதிப்புரையாளர் விலைபோயினர் என்ற கூற்று உடனே எழுந்தது. இக்கூற்றுக்குச் சான்று எதுவும் அன்றும் இருக்கவில்லை; பின்னரும் கிடைக்கவில்லை. விலைபோனமை காரணமன்றெனின், ஒரே பொருளை இருசாரார் இத்துணை வேறுபாடாகக் கண்டமைக்குக் காரணம் யாது?

மதிப்புரையாளர் வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்னதாகப் பிரதியைப் பெறுகின்றார். குறித்த திகதிக்கு முன் எழுதலாகாது; திகதி வந்ததும் உடன் எழுதிவிடல் வேண்டும். எனவே அவர் ஒருமுறை தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஆடிப்பார்க்கின்றார். முதன்முறை ஆடும்போது கண்ணிற் படுவன காட்சி, கதை, வேகம், புதுமை ஆகியனவே. 'டெவில் மே கிறை' போன்ற விளையாட்டின் உயிரோ ஐந்தாம் ஆறாம் முறைகளிலேதான் வெளிப்படும். முதன்முறை ஆடி முடிப்பது இராகத்தை அறிமுகஞ் செய்துகொள்வது போன்றது. அதன் பின்னரே பயிற்சி தொடங்குகின்றது. இவ்விரண்டாம் கட்டத்திற்குச் சென்றவர்கள் கண்ட குறைகள் முடியின் நிறம் பற்றியன அல்ல. முன்னைய பாகங்கள் செக்கனுக்கு 60 படங்களாக ஓடின; பொறிகளில் இப்புதிய விளையாட்டு 30 படங்களாகவே ஓடியது. படத்துக்கும் படத்துக்குமிடையே 16 மில்லிசெக்கனாக இருந்த இடைவெளி 33 ஆயிற்று. பார்ப்பவருக்கு இது பொருட்டன்று. பகைவனின் வாள் விழும் கணத்தில் விலக வேண்டியவருக்கு அதுவே எல்லாம். ஒரு பகைவனைக் குறித்துப் பற்றிக்கொள்ளும் விசை நீக்கப்பட்டமையால், திசையோடு இணைந்த அடிகள் குழப்பமடைந்தன. சிவப்புப் பகைவருக்கு ஒருவகை ஆயுதம், நீலப் பகைவருக்கு மற்றொரு வகை ஆயுதம் மாத்திரமே பயன்படும் என்னும் விதி, விதவிதமாக அடித்தல் என்ற தொடரின் அடிப்படைக்கே முரணாயிற்று. நடையழகுக்கான உயர்தரமும் மிக எளிதிற் கிடைத்தது. எளிதிற் கிடைக்கும் தரத்துக்கு மதிப்பில்லை.

இக்குறைகளை மதிப்புரைகள் சிலவும் தொட்டுச் சென்றன. ஆனால் அவை புள்ளியை அதிகம் அசைக்கவில்லை. மதிப்புரையாளர் பொய்யுரைத்தனர் என்பதினும், அவர்கள் வேறொரு வினாவுக்கு விடையளித்தனர் என்பதே பொருந்தும். இவ்விளையாட்டைப் புதிதாக வாங்கும் ஒருவர் மகிழ்வாரா என்பது அவர்களுடைய வினா. பத்தாண்டு பயின்ற கைக்கு இதில் வேலை உண்டா என்பது இரசிகரின் வினா. இரண்டு விடைகளும் தத்தம் அளவில் உண்மையாயிருத்தல் கூடும். இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடைக்க முயன்றதே தவறு. இரசிகர் தரப்பின் தவறு வேறு வகையானது. உண்மையான குறைகளைக் கண்டறிந்தவர்களின் குரல், விளையாட்டைத் தொடுமுன்னரே தீர்ப்பளித்தவர்களின் கூச்சலில் அமிழ்ந்துபோயிற்று. முடியைப் பற்றி இரண்டாண்டுகள் கூவிய கூட்டம் பிறகு படவேகத்தைப் பற்றிப் பேசியபோது செவிகொடுப்பார் இல்லை.

மேலும், இரசிகர் என்போர் ஒரே கூட்டத்தினருமல்லர். முதற் பாகத்தின் இருண்ட மௌனத்தை நேசித்தோர், மூன்றாம் பாகத்தின் துடுக்குத்தனத்தையே தொடரின் இயல்பெனக் கொண்டோர், புதியதன் வழியாகவே இப்பெயரை அறிந்தோர் என அவர்கள் பிரிந்து நின்றனர். தாந்தேயின் உண்மையான இயல்பு யாது என்பதில் பழைய இரசிகரிடையேயே உடன்பாடு இருந்ததில்லை. புதிய விளையாட்டை ஆதரித்தவர்கள் தொடருக்குத் துரோகம் செய்தோராகவும், எதிர்த்தவர்கள் மாற்றத்தை அறியாத மூடராகவும் பரஸ்பரம் தூற்றப்பட்டனர்.

கப்கொம் முதலில் 20 இலட்சம் பிரதிகள் விற்பனையாகுமென எதிர்பார்த்துப் பின்னர் அதனை 12 இலட்சமாகக் குறைத்தது. 2013 மார்ச் இறுதி வரை விற்றவை ஏறத்தாழ 11.5 இலட்சம். 2015 மார்ச்சில் புதிய பொறிகளுக்கென அதே விளையாட்டின் திருத்திய பதிப்பு வெளிவந்தது. அதில் செக்கனுக்கு 60 படங்கள் இருந்தன, பகைவரைக் குறிக்கும் விசை மீண்டது, நிறவிதி தளர்த்தப்பட்டது, நடையழகுத் தரத்தின் கண்டிப்பு கூட்டப்பட்டது. எள்ளப்பட்ட இரசிகர் சுட்டிய குறைகளை ஆக்கியோரே ஏற்றுத் திருத்தியமைக்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. தாந்தேயின் முடியோ கறுப்பாகவே இருந்தது. அதனைப் பற்றி எவரும் அப்போது அதிகம் பேசவுமில்லை.

அதே 2013 இல், இரண்டு மாதங்கள் கழித்து நிகழ்ந்த 'சிம்சிற்றி'யின் கதை இதற்கு மறுபுறமானது. இங்கு மதிப்புரையின் முறையே தோல்வியுற்றது. வில் றைற் 1989 இல் ஆக்கிய 'சிம்சிற்றி', நகரமொன்றைத் திட்டமிட்டுக் கட்டி நிர்வகிக்கும் விளையாட்டு. அடிப்பதுமில்லை, வெல்வதுமில்லை. தனிமையில் அமர்ந்து வீதிகளையும் வரிகளையும் நினைந்துகொண்டிருப்போரின் விளையாட்டு அது. நான்காம் பாகத்துக்குப் (2003) பத்தாண்டுகளின் பின், எண் எதுவுமின்றிச் 'சிம்சிற்றி' என்றே பெயர்சூட்டி, மக்சிஸ் கூடத்தாரும் வெளியீட்டாளரான இலெக்ற்றோனிக் ஆர்ட்ஸ் நிறுவனமும் மீள்தொடக்கத்தை 2013 மார்ச் 5 இல் வெளியிட்டனர். தனியாக ஆடினும் இணையத்தோடு எப்போதும் இணைந்திருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கணிப்புகளிற் பெரும்பகுதியை நிறுவனத்தின் சேவையகங்களே செய்வதாகவும், இணையமின்றி இயங்கச் செய்தல் பெரும் பொறியியற் பணியாகுமெனவும் கூறப்பட்டது.

வெளியீட்டுக்கு முன் மதிப்புரையாளர் ஆடியபோது சேவையகங்களில் அவர்களைத் தவிர வேறெவரும் இல்லை. யாவும் செவ்வனே இயங்கின. பொலிகன் தளம் பத்துக்கு 9.5 புள்ளிகள் அளித்தது. மறுநாள் இலட்சக்கணக்கானோர் ஒரே வேளையில் நுழைய முயன்றபோது சேவையகங்கள் முடங்கின. வாங்கியவர்கள் மணிக்கணக்காக வாயிலில் நின்றனர். கட்டிய நகரங்கள் சில அழிந்துபோயின. சுமையைக் குறைக்கும் பொருட்டு ஆட்டத்தின் வேகக்கூறொன்று தற்காலிகமாக நீக்கப்பட்டது. அமேசன் நிறுவனம் சில காலம் அதன் விற்பனையையே நிறுத்திற்று. பொலிகன் தன் புள்ளியை 8 ஆகக் குறைத்தது, ஓரிரு நாட்களில் 4 ஆகக் குறைத்தது, பிற்காலத்தில் 6.5 ஆக உயர்த்தியது.

மூன்று முறை மாறிய இப்புள்ளியைப் பலர் எள்ளினர். எள்ளியது நியாயமன்று எனவே தோன்றுகின்றது. தவறை உணர்ந்தும் 9.5 ஐ அப்படியே விட்டிருந்தால் எவரும் நகைத்திருக்கமாட்டார், ஏமாந்திருப்பார். பொருளே நாள்தோறும் மாறும் காலத்தில் மதிப்பீடு மாத்திரம் கல்வெட்டாக நிற்க முடியுமா? ஆயினும் வேறொரு குற்றச்சாட்டுக்கு மதிப்புரையாளர் விடைகூறக் கடமைப்பட்டிருந்தனர். வெறுமையான சேவையகத்தில், விற்பவர் வகுத்த சூழலில் ஆடிவிட்டு, கூட்டத்தில் என்ன நேரும் என்பதை அவர்கள் அறிந்தவர் போன்று எழுதினர். இணைய நிபந்தனையின் தீமையைப் பழைய இரசிகர்கள் பல மாதங்கள் முன்னரே எச்சரித்திருந்தனர். அவ்வெச்சரிக்கை பழைமைவாதிகளின் முணுமுணுப்பாகவே கொள்ளப்பட்டது. 2014 மார்ச்சில் இணையமின்றி ஆடும் வசதி வழங்கப்பட்டது. இயலாததெனக் கூறப்பட்டது இயன்றது. நகரங்களின் பரப்பு மிகச் சிறிதென்ற முறைப்பாடு மாத்திரம் இறுதிவரை தீரவில்லை.

2015 மார்ச்சில் 'சிம்சிற்றி'யை ஆக்கிய எமெறிவில் நகரக் கூடம் மூடப்பட்டது. அதே மாதத்தில் பின்லாந்தின் சிறு குழுவொன்று ஆக்கிய 'சிற்றீஸ்: ஸ்கைலைன்ஸ்' வெளியாகி ஒரு மாதத்துள் 10 இலட்சம் பிரதிகள் விற்றது. அகன்ற நிலம், இணையமின்றி ஆடும் உரிமை, ஆட்டக்காரரே கட்டடங்களை ஆக்கிச் சேர்க்கும் வசதி ஆகியன அதில் இருந்தன. பெயர் வேறு, பொருளோ பழைய இரசிகர் கேட்டிருந்தது. பெயருக்கு உரியவர் யார் என்ற வழக்கில் உடைமையாளர் பெயரை வைத்துக்கொள்ள, ஆடுவோர் வேறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர்.

2014 ஆகஸ்டில் தொடங்கிய 'கேமர்கேற்' என்னும் குழப்பத்தை இங்கு விரித்தல் வேண்டியதில்லை. விளையாட்டு ஊடகத்தின் ஒழுக்கம் என்பது அதன் கொடியில் எழுதப்பட்டிருந்தது. நடந்ததோ பெண்கள் சிலர் மீதான இடையறாத துன்புறுத்தல். எழுதப்படவேயில்லாத மதிப்புரையொன்றைச் சுட்டி எழுந்த பொய்யே அதன் தொடக்கங்களில் ஒன்று. 2007 இன் உண்மையான முறைகேட்டை நினைவிற் கொண்டிருந்த நேர்மையான வாசகர்கள் இதனால் இழந்தது அதிகம். மதிப்புரையாளரை ஐயுறுதலே அதன் பின்னர் பழிக்குரிய செயலாகத் தோன்றலாயிற்று.

மௌனமும் சான்றாகக் கொள்ளப்படும் நிலையை 2016 மேயில் வெளிவந்த 'டூம்' காட்டிற்று. 1993 இன் புகழ்பெற்ற விளையாட்டின் மீள்தொடக்கமாகிய இதன் கூட்டாட்ட முன்சோதனை அதிருப்தியையே விளைவித்திருந்தது. வெளியீட்டு நாள் வரை மதிப்புரையாளருக்குப் பிரதிகள் வழங்கப்படவில்லை. குறையை மறைக்கவே இவ்வாறு செய்யப்பட்டதென இரசிகரும் எழுத்தாளரும் ஒருங்கே முடிவுசெய்தனர். ஆடிப் பார்த்ததும் இரு சாராரும் ஒருங்கே போற்றினர். வெளியீட்டாளராகிய பெதெஸ்டா இதிலிருந்து தனக்கு வாய்ப்பான பாடத்தைக் கற்றுக்கொண்டது. இனி வெளியீட்டுக்கு ஒரு நாள் முன்னதாக மாத்திரமே பிரதிகள் வழங்கப்படுமென அவ்வாண்டு ஒக்டோபரில் அறிவித்தது. நல்ல விளையாட்டொன்று மதிப்புரையின்றியே விற்றமை, மதிப்புரையே வேண்டியதில்லை என்பதற்கு நியாயமாக்கப்பட்டது. முன்பணம் செலுத்தி வாங்குவோருக்கு இதனால் நேர்ந்த இழப்பை எடுத்துரைத்தவர்கள், இம்முறை, நெடுங்காலம் ஐயுறப்பட்ட மதிப்புரையாளரே.

2018 ஜூன் 10 அன்று லொஸ் ஏஞ்சலிசில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் நடத்திய அறிமுக நிகழ்ச்சியில், 'டெவில் மே கிறை'யின் ஐந்தாம் பாகம் அறிவிக்கப்பட்டது. இற்சுனோவே இயக்குநர். மீள்தொடக்கத்தின் கதை கைவிடப்பட்டு, நான்காம் பாகம் விட்ட இடத்திலிருந்து தொடரப்பட்டிருந்தது. தாந்தே முதிர்ந்து, தாடி வளர்த்து, வெண்முடியுடன் திரையில் தோன்றியபோது அரங்கில் ஆரவாரம் எழுந்தது. 2019 மார்ச் 8 இல் வெளிவந்த அவ்விளையாட்டு இரு வாரங்களுள் 20 இலட்சத்துக்கு மேல் விற்றது; மதிப்புரையாளரின் எண்ணும் இரசிகரின் எண்ணும் அம்முறை அருகருகே நின்றன. 2018 இன் அதே நிகழ்ச்சியில், அதே மேடையிலேதான், மைக்ரோசொவ்ற் தான் வாங்கிய ஆக்கக்கூடங்களின் பெயர்களையும் வாசித்தது. அவற்றுள் ஒன்று கேம்பிறிட்ஜின் நிஞ்சா தியறி.